ஜெபித்துச் சொல்கிறேன்

அந்தச் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, என் மனைவி ரத்தினபாய் தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையை வாங்கி வரச் சேலையூர் வரை சென்று, ரவிக்கை இல்லாமல் திரும்பி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"மெஹர் பானுகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

"எப்போ?"

"பத்து நாள் முன்னாடி. அவளும் அவ வீட்டுக்காரரும் நம்ம மாடி போர்ஷனை வாடகைக்குக் கேட்டு வந்தாங்களே, அன்னிக்கு."

நான் நாளிதழை மடித்து வைத்தேன். "ஜெபிச்சு சொல்றேன்னு சொன்னேன்."

"அதேதான். அவங்க இன்னும் காத்துக்கிட்டு இருக்காங்க."

இதைச் சற்று விளக்குவது அவசியம் என்று கருதுகிறேன். எங்கள் சபையில் வளர்ந்தவர்கள் அனைவரும் 'ஜெபித்துச் சொல்கிறேன்' என்பதன் பொருளை அறிவார்கள். பாடகர் குழுவில் சேரும்படி அழைத்தாலும், கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு வேத வகுப்பு எடுக்கக் கேட்டாலும், ஒருவர் இவ்வாறு சொல்லிவிட்டால் கேட்டவர் புன்னகையுடன் தலையசைத்துவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார். மறுத்தவருக்கும் சங்கடமில்லை; மறுக்கப்பட்டவருக்கும் வருத்தமில்லை. நான் முப்பது ஆண்டுகளாக ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராகப் பணிபுரிகிறேன். 'தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது' என்று எத்தனையோ கடிதங்களில் எழுதியிருக்கிறேன். இரண்டுக்கும் அதிக வேறுபாடு இருப்பதாக எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

ஹனீஃபாவும் மெஹர் பானுவும் ஒரு புதன்கிழமை மாலை வந்தார்கள். அவர் கேம்ப் ரோட்டில் கண்ணாடியும் அலுமினியக் கதவும் பொருத்தித் தரும் கடை வைத்திருப்பவர். அந்த அம்மையார் ஆறு ஆண்டுகளாக ரத்தினபாய்க்கு ரவிக்கை தைத்துத் தருபவர். அவர்கள் குடியிருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் அடுக்குமாடிக் கட்டடம் கட்டக் கொடுத்துவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். ஒரே மகள் இரம், சேலையூரில் பிளஸ் டூ படிக்கிறாள். மார்ச் முதல் திங்களன்று அரசுத் தேர்வு தொடங்குகிறது. இவை யாவற்றையும் அவர்கள் மிகுந்த மரியாதையுடன் சொன்னார்கள். நானும் மிகுந்த மரியாதையுடன் கேட்டுக்கொண்டேன்.

அவர்களிடம் எந்தக் குறையையும் நான் கண்டதில்லை. மாடியில் அவர்கள் குடியேறினால், புதன்தோறும் எங்கள் வீட்டில் கூடும் ஜெபக்கூட்டத்திற்கு வருபவர்கள் என்ன நினைப்பார்கள், தெருவில் என்ன பேசுவார்கள் என்பது மட்டுமே என் மனத்தில் ஓடியது. அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. ஆகவே, "ஜெபிச்சு சொல்றேங்க" என்றேன். மெஹர் பானு சட்டென்று தலையில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "ரொம்ப நன்றி சார்" என்றார். மறுப்பை இவ்வளவு பண்பாக ஏற்றுக்கொள்கிறாரே என்று அப்போது மகிழ்ந்தேன்.

"செம்பாக்கத்துல ஒரு வீடு அமைஞ்சிருக்கு," என்று ரத்தினபாய் தொடர்ந்தாள். இப்போது உள்ளே வந்து நாற்காலியில் அமர்ந்திருந்தாள். ஆனால் பையைக் கீழே வைக்கவில்லை. "போன வியாழக்கிழமை. அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்னு அந்த ஓனர் சொல்லியிருக்காரு. இவங்க வேணாம்னுட்டாங்க."

"ஏன்?"

"ஏனா? நீங்க ஜெபிச்சுக்கிட்டு இருக்கீங்களாம். மெஹர் சொன்னதை அப்படியே சொல்றேன், கேளுங்க. 'ஒரு மனுஷர் நமக்காக ஆண்டவன்கிட்ட கேட்டுட்டு இருக்காரு, நடுவுல நாம வேற எடம் புடிச்சா அது மரியாதை இல்லக்கா'. இப்போ செம்பாக்கம் வீட்டுக்கு வேற ஆள் வந்தாச்சு."

மடித்து வைத்த நாளிதழை மறுபடியும் மடித்தேன்.

"இன்னிக்குக் காலி பண்ணியே ஆகணும். ஜன்னல் கட்டையெல்லாம் பேத்துட்டாங்க. நாம இல்லைன்னா பெரும்பாக்கத்துல ஹனீஃபாவோட தங்கச்சி வீடு. ஹவுசிங் போர்டு குடியிருப்பு, ஆறாவது மாடி, ஒரே ரூம், அங்க ஏற்கெனவே அஞ்சு பேர். அந்தப் பொண்ணு எங்க உக்காந்து படிக்கும்? அங்கிருந்து ரெண்டு பஸ் மாறிப் பரீட்சைக்கு வரணும். பிறை தெரிஞ்சா நாளையிலேருந்து நோன்பு வேற."

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்றது? 'அவர் இன்னும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை'ன்னேன். உண்மையைச் சொல்லியிருக்கணும். வாய் வரலை." அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க ஜெபிச்சீங்களா?"

அந்த நேரத்தில் கைபேசி ஒலித்தது. உண்மையில் அதை ஒரு விடுதலையாகவே எண்ணி எடுத்தேன்.

அழைத்தவர் எபி. எங்கள் சபைக் கமிட்டியில் என்னுடன் இருப்பவர், வயதில் எனக்கு இளையவர், எல்லாருடைய வீட்டு விசேஷத்திலும் முதல் ஆளாக நின்று பந்தி பரிமாறுபவர். கடந்த ஞாயிறன்று ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, தம் அக்கா மகன் ஆபேலுக்காக இதே மாடி வீட்டைக் கேட்டிருந்தார். ஆபேலுக்குத் திருமணமாகி இரண்டு மாதங்கள்தான் ஆகின்றன. தற்போது தம்பதியர் எபியின் வீட்டிலேயே தங்கியிருக்கிறார்கள். அவரிடமும் நான் அதே சொற்களைத்தான் சொன்னேன். ஆனால் புன்னகையுடன், தோளில் கை வைத்துச் சொன்னேன்.

"அண்ணா, நாலு மணிக்கு வண்டி வந்துடும்," என்றார் எபி. "சாமான் கம்மிதான். கட்டில், ஃபிரிட்ஜ், ரெண்டு பீரோ. நம்ம சர்ச் ஐயர்கிட்டயும் சொல்லிட்டேன், அஞ்சு மணிக்கு வந்து ஜெபம் பண்ணிடறேன்னாரு."

"எபி, நான் இன்னும் உங்ககிட்ட முடிவா..."

"அட, நீங்க ஜெபிச்சு சொல்றேன்னு தோள்ல தட்டினப்பவே எனக்குத் தெரியும்ணா! நம்ம ஆளுங்களுக்கு நீங்க என்னிக்கு இல்லைன்னு சொல்லியிருக்கீங்க? அக்காகிட்ட டீ மட்டும் போட்டு வைக்கச் சொல்லுங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"சரி," என்று என் வாய் சொன்னது. அழைப்பு துண்டிக்கப்பட்டது.

ரத்தினபாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "சரின்னுட்டீங்க," என்றாள்.

"அவரு பேச விடலை."

"ஹனீஃபா பேச விட்டாரே. அவருகிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ போய் மெஹர்கிட்ட பக்குவமா எடுத்துச் சொன்னா..."

"நான் போகமாட்டேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் அதற்கு மேல் பேச்சில்லை என்பது புரிந்தது. "நீங்க சொன்ன வார்த்தை. நீங்களே போய் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி, சொன்னபடி ஒருதடவையாவது ஜெபிச்சுட்டுப் போங்க."

அறைக்குள் சென்று முழங்காற்படியிட்டேன். மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. 'ஆண்டவரே' என்று தொடங்கியபின் அடுத்த சொல் வரவில்லை. என்ன கேட்பது? முதலில் வந்து கேட்டவர்கள் யார், யாருக்குத் தேவை அதிகம், இந்த வீட்டைக் கொடுக்க எனக்கிருக்கும் தடை என்ன என்ற மூன்றுக்கும் பதில் எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்ததால்தான் பத்து நாட்களும் நான் கேட்காமலிருந்தேன். கேட்டிருந்தால் கொடுக்க வேண்டியிருக்குமே.

இத்துடன் நான் திருந்திவிட்டதாக எழுத இயலவில்லை, அது பொய்யாகிவிடும். எழுந்து நின்றபோது எனக்கு வேறொரு காரணம் கிடைத்துவிட்டது. எபியிடம்தான் 'சரி' என்று சொல்லியாயிற்றே, வண்டியும் வருகிறது. ஆகவே ஹனீஃபாவின் குடும்பத்திடம் நேரில் சென்று, தாமதத்திற்கு வருந்தி, மறுத்துவிட்டு வருவதே முறை என்று தீர்மானித்தேன். எதிரில் நின்று மன்னிப்புக் கேட்பதும் ஒரு துணிவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தும் புறப்பட மூன்று மணியாகிவிட்டது. அதுவரை இரண்டு முறை சட்டையை மாற்றினேன்.

கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் அவர்களுடைய வீடு. நான்கு குடித்தனங்கள் இருந்த அந்தக் கட்டடத்தில் மூன்று ஏற்கெனவே காலியாகியிருந்தன. கதவுகளும் ஜன்னல் சட்டங்களும் அகற்றப்பட்ட இடங்களில் வெயில் சதுரமாக உள்ளே விழுந்து கிடந்தது. வாசலில் ஒரு குட்டியானை நின்றது. அந்தச் சிறிய சரக்கு வண்டியில் பாதிச் சாமான்கள் ஏறியிருந்தன. ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்து கைபேசி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஹரு! சார் வந்துட்டாரு!" என்று ஹனீஃபா வண்டியின் மேலிருந்தே குரல் கொடுத்தார். கயிற்றை விட்டுவிட்டுக் கீழே குதித்தார். "வாங்க சார், வாங்க. உக்காரச் சொல்ல நாற்காலி கூட வண்டியில ஏறிடுச்சு."

மெஹர் பானு உள்ளேயிருந்து வந்தார். அவர் முகத்தைப் பார்த்த அளவில், நான் மனப்பாடம் செய்து வந்த வாக்கியங்களின் வரிசை கலைந்தது. சுருட்டிக் கட்டிய மெத்தையின் மேல் இரம் அமர்ந்து, மடியில் தமிழ்ப் பாடநூலை விரித்து வைத்திருந்தாள். சுற்றிலும் ஆட்கள் நடந்தும் அவள் காலை மட்டும் நகர்த்திக்கொண்டு படித்தாள்.

"தண்ணி குடிக்கிறீங்களா சார்? டம்ளர் இருக்கான்னு பாக்கறேன்."

"வேண்டாம்மா, இருக்கட்டும்."

"உங்களுக்கு எவ்ளோ தொந்தரவு குடுத்துட்டோம்," என்றார் அவர். "பத்து நாளா எங்களுக்காக... எங்க சொந்தக்காரங்களே இவ்ளோ பண்ணலை சார். காலையில அக்கா வந்தப்போகூடச் சொன்னேன். இல்லைன்னு பதில் வந்தாலும் எங்களுக்கு வருத்தமில்ல. கேட்டீங்களே, அது போதும்."

இதைவிட எளிதாக யாரும் எனக்கு வழி திறந்துவிட முடியாது. 'இல்லை என்றுதான் பதில் வந்ததம்மா' என்று சொன்னால் போதும். அவர்கள் நன்றி சொல்லி என்னை அனுப்பியிருப்பார்கள். நான் வாயைத் திறந்தேன்.

இரம் நிமிர்ந்து பார்த்தாள். "அங்கிள், என்ன பதில் வந்துச்சு?"

வஞ்சகமற்ற கேள்வி. மழை வருமா என்று கேட்பது போல, தெரிந்துகொள்வதற்காக மட்டுமே கேட்டாள்.

"நான் ஜெபிக்கவே இல்லைம்மா," என்றேன்.

ஓட்டுநரின் கைபேசியில் ஏதோ ஒரு சிரிப்பொலி கேட்டு நின்றது.

"புரியல சார்," என்றார் மெஹர் பானு.

"அன்னிக்கு நான் சொன்னது... எங்க ஆளுங்களுக்குள்ள அது ஒரு பேச்சு வழக்கு. இல்லைன்னு சொல்லச் சங்கடமா இருந்தா அப்படிச் சொல்லுவோம். நான் அன்னிக்கே இல்லைன்னுதான் சொன்னேன். உங்களுக்கு அது புரியாதுன்னு எனக்குத் தோணலை."

மெஹர் பானுவின் கை, முந்தானையின் ஓரத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டது. ஹனீஃபா என்னருகில் வந்தார். அவருடைய குரல் உயரவில்லை.

"ஏன் சார் இல்லைன்னீங்க?"

"நாலு பேர் என்ன சொல்வாங்களோன்னு."

"எந்த நாலு பேரு?"

அந்த நாலு பேரை நான் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை.

"பத்து நாளு சார்," என்றார் அவர். "அன்னிக்கே மூஞ்சிக்கு நேரா 'உனக்கு வூடு கெடையாது, போய்யா'ன்னு சொல்லியிருந்தீங்கன்னா, நான் திட்டிக்கினே போயி செம்பாக்கத்துல முடிச்சிருப்பேன். மரியாதையா பேசுறாரே மனுஷன்னு நம்பினேன் பாருங்க. என்னைச் சொல்லணும்."

"அத்தா," என்றாள் இரம்.

"நீ படிம்மா."

நான் மறுக்க வந்தவன் என்பதை அப்போது மறந்தே போனேன். அல்லது, மறுத்து முடித்துவிட்டதால் அந்தச் சொல்லின் மீதிருந்த அச்சம் அகன்றதோ, அறியேன். "வீடு இன்னும் காலியாத்தான் இருக்கு," என்றேன். "முதல்ல கேட்டவங்க நீங்க. நீங்க வர்றதா இருந்தா, அது உங்களுக்குத்தான்."

"இப்போ இன்னா, பாவம் பாத்துத் தர்றீங்களா?"

"இல்லைங்க. பாவம் பண்ணினது நான்தான்."

அதைக் கேட்டு அவர் இளகவில்லை. நானும் அதற்காகச் சொல்லவில்லை. "இன்னொண்ணும் சொல்லணும்," என்றேன். "எங்க சபையில ஒருத்தர், நாலு மணிக்குத் தன் அக்கா மகனோட சாமானை ஏத்திக்கிட்டு அங்கே வர்றாரு. அவருக்கு இல்லைன்னு நான் இன்னும் சொல்லலை."

ஹனீஃபா என்னை உற்றுப் பார்த்தார். பிறகு அவர் உதடு கோணியது. "அவருக்கும் ஜெபிச்சு சொல்றேன்னு சொன்னீங்களா?"

"ஆமா."

"அவரு இன்னா நெனச்சுக்கினாரு?"

"கிடைச்சிடுச்சுன்னு."

ஓட்டுநர் வாய்விட்டுச் சிரித்தார். "செம ஆளு சார் நீங்க! ஒரே வார்த்தையை வெச்சுக்கினு ரெண்டு பேருக்கு வூடு காட்டியிருக்கீங்க." இரம் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். மெஹர் பானு சிரிக்கவில்லை.

"மணி மூணு அம்பது," என்றார் ஹனீஃபா. "நீங்க மொதல்ல அவங்களுக்கு இல்லைன்னு சொல்லுங்க. சொல்லிட்டு எனக்குப் போன் போடுங்க. இங்க ஏத்தி முடிக்க அரை மணி நேரம் ஆவும். நாலரைக்குள்ள உங்க போன் வந்தா வர்றோம். வரலேன்னா வண்டி நேரா பெரும்பாக்கம் போயிடும். டிரைவருக்கு அடுத்த டிரிப் கீது. உங்களுக்காக ரெண்டாவது தபா காத்துக்கினு நிக்க மாட்டேன் சார்."

"நியாயம்தான்," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

அன்றைக்கென்று ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் மூன்று முறை விழுந்தும் என் முறை வரவில்லை. வீட்டை அடைந்தபோது நான்கு பத்து. எங்கள் வாசலில் இன்னொரு குட்டியானை நின்றது. கட்டில் சட்டங்கள் ஏற்கெனவே கார் நிறுத்துமிடத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஃபிரிட்ஜை இருவர் கயிறு கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆபேல் கீழே நின்று தாங்கிப் பிடித்திருந்தான். அவன் மனைவி, புதுப்புடவையில், மாடிப்படியை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"எங்கண்ணா போயிட்டீங்க?" எபி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அக்காகிட்ட மாடி சாவி கேட்டா, 'அவரு வரட்டும்'ங்கறாங்க. டீ மட்டும் ஃபர்ஸ்ட் கிளாஸ்."

ரத்தினபாய் வாசற்படியில் நின்றாள். சாவி அவள் கையில் இருந்தது.

"எபி, ஒரு நிமிஷம் இப்படி வாங்களேன்."

"சொல்லுங்கண்ணா. டேய் தம்பி, பாத்து, பாத்து! கதவு இடிக்கும்!"

"ஒரு சின்ன... நான் முன்னாடியே உங்ககிட்ட கலந்து பேசியிருக்கணும். சூழ்நிலை எப்படி ஆயிடுச்சுன்னா..."

"எதுவா இருந்தாலும் அப்புறம் பேசிக்கலாம்ணா. பெயிண்ட் அடிக்கணுமா? நானே அடிச்சுக்கறேன். மோட்டாரா? நம்ம பையன்தானே, அட்ஜஸ்ட் பண்ணிப்பான்."

"அதில்லை. தயவுசெஞ்சு தப்பா எடுத்துக்காதீங்க..."

"நான் என்னிக்குண்ணா உங்களைத் தப்பா எடுத்திருக்கேன்?" அவர் என் தோளில் கை போட்டார், நான் அன்று அவர் தோளில் வைத்தது போலவே. "ஃபிரிட்ஜை மேல ஏத்திட்டா பெரிய வேலை முடிஞ்சுது. அக்கா, சாவி!"

கைக்கடிகாரத்தில் நான்கு பத்தொன்பது. என்னுடைய ஒவ்வொரு பணிவான சொல்லும் அவருக்கு இன்னும் ஒரு படி ஏற இடம் கொடுப்பதை உணர்ந்தேன். ஃபிரிட்ஜ் முதல் படியில் வைக்கப்பட்டது.

"இல்லை எபி," என்றேன். நான் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. ஃபிரிட்ஜைப் பிடித்திருந்தவர்கள் நின்றார்கள். "வீடு உங்களுக்கு இல்லை."

அவர் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "என்னண்ணா சொல்றீங்க?"

"உங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் கேட்டிருந்தாரு. அவருக்குத்தான் தரணும். ஞாயித்துக்கிழமையே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லத் தைரியமில்லை. காலையில போன்லயும் தைரியமில்லை. தப்பு முழுக்க என்னோடது."

"யாருக்கு?"

"கேம்ப் ரோடு கண்ணாடிக் கடை ஹனீஃபாவுக்கு."

எபியின் கை என் தோளிலிருந்து இறங்கியது. "சாமானை இறக்கின பெறகு சொல்றீங்க," என்றார் மெதுவாக. "புதுசா கல்யாணம் ஆன பொண்ணு, தெருவே பாக்குது. சரி, அதை விடுங்க. சபையில நாளைக்குக் கேப்பாங்க. நம்ம பிள்ளையை வாசல்ல நிறுத்திட்டு அவங்களுக்குக் குடுத்தீங்களான்னு கேப்பாங்க. என்ன சொல்வீங்க? அதையும் ஜெபிச்சு சொல்வீங்களா?"

"ஆமான்னு சொல்வேன்."

"ஐயர் அஞ்சு மணிக்கு வர்றாரு."

"அவருக்கு நான் சொல்லிடறேன்."

"மாமா," என்றான் ஆபேல். அவன் முகம் சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமலே பேசினான். "ஏத்திடலாம் மாமா. உங்க வீட்லயே இருந்து மெதுவா வேற பாத்துக்கறோம்." அந்தப் பெண் படியிலிருந்து விலகி வண்டியின் பக்கம் சென்று நின்றாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க விரும்பினேன். ஆனால் அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

நான்கு இருபத்தேழு. ஹனீஃபாவை அழைத்தேன். அவர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. மீண்டும் அழைத்தேன். அதே குரல். எனக்குப் பின்னால் ஃபிரிட்ஜ் வண்டியில் ஏறும் ஓசை கேட்டது. நான்கு முப்பத்தொன்றுக்கு மறுபடியும் அதே குரல். இருவருக்கும் வீடில்லாமல் செய்துவிட்டேனோ என்று நினைத்தேன். "மெஹருக்குப் போடுங்க," என்று சொல்லி ரத்தினபாய் தன் கைபேசியை என் கையில் திணித்தாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். ஆனால் பேசியது ஹனீஃபா.

"என் போன்ல தங்கச்சி. எப்போ வர்றீங்கன்னு கேட்டுக்கினு கீது," என்றார். வாகனங்களின் ஹாரன் ஒலி பின்னணியில் கேட்டது. "ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல்ல நிக்கிறோம் சார். சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"இன்னான்னு சொன்னீங்க?"

"இல்லைன்னு."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

அவர் கைபேசியை மூடிக்கொண்டு யாரிடமோ பேசுவது தெளிவின்றிக் கேட்டது. பின்னர் மெஹர் பானுவின் குரல் வந்தது. "பாப்பா பரீட்சை முடியற வரைக்கும் வர்றோம் சார். அதுக்கப்புறம் பாத்துக்கலாம்." நான் பதில் சொல்லுமுன், "லெஃப்ட்ல எடுப்பா" என்று ஹனீஃபா ஓட்டுநரிடம் சொல்வது கேட்டது.

எபியின் வண்டி தெருமுனையில் திரும்பும்போது, அவர்களுடைய வண்டி எதிரே வந்து ஒதுங்கி வழிவிட்டது. எபி போகும்போது எப்போதும் சொல்லும் 'ஸ்தோத்திரம்' சொல்லவில்லை. இன்றுவரை என்னிடம் அவர் சொல்லவில்லை. ஐயரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நாளைக்குக் கமிட்டியில பேசிக்கலாம் பிரதர்," என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலில் இருந்து நான் எதையும் அறிந்துகொள்ள இயலவில்லை.

ஹனீஃபா, கம்பளியில் சுற்றிய ஆளுயரக் கண்ணாடியை முதலில் இறக்கித் தாமே தூக்கிக்கொண்டு மேலே சென்றார். நான் தையல் இயந்திரத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். மறு பக்கத்தை மெஹர் பானு பிடித்திருந்தார். பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றோம். இரம் ஏற்கெனவே மேலே சென்றுவிட்டாள். காலியான அறையில் அவள் செய்யுளை உரக்கப் படிப்பது எதிரொலித்தது.

"ஒண்ணு கேக்கணும் சார்," என்றார் மெஹர் பானு. அவர் என்னை மன்னித்துவிட்டதாகத் தெரியவில்லை; குரல் கடைக்காரரிடம் கேட்பது போல இருந்தது. "நோன்பு வெச்சா விடியக்காலம் மூணரைக்கே எழுந்துடுவோம். மேல நடமாட்டம் இருக்கும்."

"நடங்கம்மா. அதுல ஒண்ணுமில்லை."

"ரம்ஜான் ஆர்டர் நெறைய கெடக்குது. மிஷின் நாள் முழுக்க ஓடும். புதன்கிழமை கீழ ஜெபக்கூட்டம் நடக்கும்னு அக்கா சொல்லியிருக்காங்க. அப்போ ஓட்டலாமா?"

'பரவாயில்லைங்க, பாத்துக்கலாம்' என்ற சொற்கள் நாவின் நுனி வரை வந்துவிட்டன. அவற்றை அங்கேயே நிறுத்த எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

"வேண்டாம்மா," என்றேன். "ஆறரையிலிருந்து ஏழரை வரைக்கும் ஓட்டாதீங்க. கேக்கும், இடைஞ்சலா இருக்கும். மத்த நேரம் எவ்வளவு வேணும்னாலும் ஓட்டுங்க."

அவர் என்னை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"சரி சார். ஆறரையிலேருந்து ஏழரை," என்றார். "தூக்குங்க."